கடல்தண்ணீரில் ஓடாத ஆட்டோ

இன்று காலை உன் வீட்டைத் தாண்டும்போது பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. மழைக்குப் பிறகு சாக்கடை ஓடையில் போட்டிருப்பார்கள் என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். கொஞ்சம் தள்ளிப் போனதும்தான் கால் நின்றது. ஓடையில் பவுடர் எதுவும் இல்லை. வாடை உன் அடுக்களையிலிருந்து வந்தது.

அதே அடுக்களையில் நீ அதே வாடையைக் கிளப்பிய நாள் மறக்குமா? பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டே குளச்சலில் ஆட்டோ ஓட்டியவன் நீ. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து வண்டி ஓட்டலாம் என்று போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தும் என்னிடம் ஓடி வந்தாய். நானும் பொறுமையாகத்தான் சொன்னேன். தண்ணீரைப் பிரிக்கச் செலவாகிற கரண்டில் பாதிகூட வண்டிக்குத் திரும்பக் கிடைக்காது. அதை நேரே பேட்டரியில் ஏற்றினால் இன்னும் தூரம் ஓடலாம். ஆட்டோவுக்குப் போதுமான வாயுவை அழுத்தி அடைக்க வீட்டில் வழியில்லை. கசிந்தால் ஒரு பொறி போதும்.

"லேய், கடலு கெடக்கு, வெயிலு கெடக்கு. ரெண்டுக்கும் எவன் பில்லு போடுகான்?" என்றாய்.

கடற்கரைக்காரன் புத்தி கடலுக்குத்தானே போகும். உப்புத் தண்ணீரில் கரண்டு நன்றாகப் பாயும் என்று கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவந்தாய். வாயு வெளியே போய்விடக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் அடைத்தாய். ஒரு கம்பியில் ஹைட்ரஜன் வந்தது, மற்றதில் பிளீச்சிங் வாடையடிக்கும் விஷவாயு, குளோரின். கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே வாசலுக்கு வந்து, "பாத்தியா மக்கா, கேஸு வருது!" என்று குதித்தாய். சாகவா போகிறாய் என்று கத்தினேன். கட்டுபடியாகாது என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ சிரிப்பாய். ஆட்டோ ஒரு முழம்கூட நகரவில்லை. மாரடைப்பு வந்து நீதான் போனாய்.

உன் நினைவுப் பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு உன் மனைவி கேட்டாள்: "அண்ணே, எல்லாரும் அவர கிறுக்கன்னு சொன்னாவ. நீங்க சொல்லுங்க, அது வெளங்கியிருக்குமா?"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல? "இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. இருந்தா ஓட்டியிருப்பான்" என்றேன். ஒரு நல்ல காரியம் செய்தவனைப் போல வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று கதவைத் தள்ளி உள்ளே போனால், ஜன்னல்கள் அடைத்துக் கிடக்கின்றன. உன் பேட்டரி சார்ஜர், உன் கம்பிகள், கடல்தண்ணீர் கேன். சுவிட்சை அணைத்து அவளை வெளியே இழுத்து வந்தேன். இருமலுக்கு நடுவே சொன்னாள்: "கொஞ்சந்தானே பாக்கின்னிய. அவருக்க வண்டிய ஊருக்குள்ள ஒரு சுத்து ஓட்டிக் காட்டணும் அண்ணே."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அது ஒருநாளும் ஓடியிருக்காது என்று. அவள் அழவில்லை. "எல்லாவனும் ஆமா ஆமான்னு சொல்லிட்டுப் போவான், இவன் ஒருத்தந்தான் எனக்கிட்ட பொய் சொல்ல மாட்டான்னு அவரு சொல்லுவாரு. அதாக்கும் உங்ககிட்ட கேட்டேன்" என்றாள்.

நான் சொன்ன மறுப்பெல்லாம் உன்னை நோகடித்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீ அதை இப்படி வைத்திருந்தாய் என்று தெரியாது. உன்னை மதித்து உண்மை சொன்னவன், அவளைப் பாவம் என்று நினைத்துப் பொய் சொன்னேன். இனி எங்கே போனாலும் இது என்னோடுதான் வரும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்துதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். உள்ளே போய் அவளிடம் அதைச் சொன்னேன். தலையாட்டினாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, அதையே இன்னொரு தடவை கேட்டாள்.