சின்னத் தூம்பா

செப்டம்பர் 6, 1934. வியாழன்.

மாதக் கூட்டம் இந்த முறை எங்கள் பங்குக் கோவிலில். நகரத்திலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு கத்தோலிக்கச் சாமியார்கள். பூசை, தியானம், ஒருவருக்கொருவர் பாவசங்கீர்த்தனம், பிறகு சாப்பாடு. பதினேழு வருடமாக நான்தான் காரியதரிசி. என் பிரெஞ்சுக் கையெழுத்து அழகாக இருக்கும். வேறு தகுதி கிடையாது. சமையற்காரர் சாமிக்கண்ணு வஞ்சிரத்தை வறுக்கிறேன் என்று கருக்கிவிட்டார்.

சாப்பிட்ட பிறகு தேவதாஸ் சாமி தூம்பா பேச்சை எடுத்தார். பிணத்தை வைத்துக் கல்லறைக்குத் தூக்கிப் போய், இறக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் பெட்டி ஒவ்வொரு பங்கிலும் இரண்டு உண்டு. பெரியது சாதிக்காரர்களுக்கு, சின்னது சேரிக்காரர்களுக்கு. பெரியதற்கு வெள்ளிச் சிலுவை, கறுப்பு வெல்வெட்டு. சின்னதற்கு நான்கு கைப்பிடி, எங்கள் பங்கில் அதிலும் ஒன்று ஆடுகிறது. நான் பெரிய தூம்பாக் குடும்பத்தில் பிறந்தவன்.

"செத்த பொறவுமா ரெண்டு வழி? ஒண்ணாக்கிடலாம் சாமி" என்றார் தேவதாஸ்.

எல்லோரும் தலையாட்டினார்கள். தன் பங்கில் முதலில் செய்ய ஒருவரும் தயாராக இல்லை. ஒரு மணி நேர இழுபறிக்குப் பின் நான் ஒரு வாசகம் எழுதிக் காட்டினேன்: "இனி எல்லாப் பங்குகளிலும், வசதிப்பட்டபோது, ஒரே தூம்பா." ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு கையெழுத்தும் விழுந்தன. பிரான்சிலிருந்து வந்து நாற்பது வருடமான எங்கள் பெரிய சாமியார் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். தேவதாஸ் மட்டும், "நடுவுல அந்த வார்த்தை எதுக்கு?" என்று கேட்டார். அது இல்லாவிட்டால் உங்கள் கையெழுத்து ஒன்றுதான் இருக்கும் என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 8.

மாதா பிறந்த திருநாள். பிரசங்கம் நன்றாக இருந்தது என்று மூன்று பேர் சொன்னார்கள். மூவருக்கும் காது மந்தம்.

செப்டம்பர் 25. செவ்வாய்.

மீனவர்களின் வைத்திக்குப்பத்தில் காலரா. இரண்டு நாளில் ஒன்பது சாவு. சாரம் கிராமத்துக்கு அப்பால் உள்ள சேரியிலும் தொடங்கிவிட்டது. அவசரமாகக் கூடினோம். இருவர் இருவராகப் போவது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுப்பது, வீடுகளில் சுண்ணாம்பு தெளிப்பது என்று முடிவாயிற்று. எனக்குத் துணை தேவதாஸ். எங்களோடு மிக்கேல் வருகிறார். சேரியின் உபதேசியார், பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித் தருகிறவர்.

அக்டோபர் 4. வியாழன்.

மாதக் கூட்டம். பூசை மட்டும், விருந்து இல்லை. எல்லோர் அங்கியிலும் சுண்ணாம்பு.

கல்யாணங்களுக்குச் சமைக்கிற அன்வருதீன் பாய், தண்ணீர் கொதிக்கவைக்கத் தன் தேக்சா அண்டாக்கள் மூன்றைக் கொடுத்திருக்கிறார். எத்தனை தேய்த்தும் பிரியாணி வாசனை போகவில்லை. குடிக்கிறவர்கள் ஆட்சேபிக்கவில்லை.

மிக்கேல் எந்த வீட்டு வாசலிலும் நான்கடி தள்ளி நின்று பேசுகிற மனிதர். இப்போது குப்பத்தில் எல்லா வீட்டுக்குள்ளும் போய் வருகிறார். வாந்தியைத் துடைக்க வருகிறவரை யாரும் தடுப்பதில்லை.

அக்டோபர் 11. வியாழன்.

மிக்கேல் போய்விட்டார். காலையில் கண்டது, இரண்டு மணிக்கு முடிந்தது. காலரா என்பதால் இருட்டுவதற்குள் அடக்கம்.

பெரிய தூம்பாவை எடுங்கள் என்றார் தேவதாஸ். அது இருக்கும் அறையின் சாவி, ஊர் பிரெஞ்சில் முசே என்று மரியாதையாகக் கூப்பிடுகிற கோவில் பெரியதனக்காரர் அமலநாதனிடம் இருக்கிறது. அவர் சாவி இல்லாமல் வந்தார்.

"நான் வேணாம்னா சாமி சொன்னேன்? வசதிப்பட்டபோதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. பெரிய சாமியார் காட்டினாரு. இப்ப வசதிப்படாது. ஊரே சாவு பயத்துல கெடக்குது."

பெரிய சாமியார் என்னைப் பார்த்தார். தேவதாஸும் பார்த்தார். நான், "மழை வேறு வரும்போல இருக்கிறது" என்றேன். ஏன் அதைச் சொன்னேன்? மழைக்கும் தூம்பாவுக்கும் என்ன சம்பந்தம்?

மிக்கேலின் மனைவி ஆரோக்கியம் அழவில்லை. "பெருசு வேணும்னு நான் கேக்கல சாமி. சின்னதுல மட்டும் வெக்காதீங்க. எங்க கட்டில்லயே தூக்கிக்கிறோம்."

கட்டிலில் தூக்குவது கோவில் முறை இல்லை என்றேன். நான்தான் சொன்னேன்.

சின்னதில் வைத்தோம். ஆடுகிற கைப்பிடிப் பக்கம் நான் தோள் கொடுத்தேன். அப்போது அது பெரிய காரியமாகத் தோன்றியது. ஆரோக்கியம் கல்லறைக்கு வரவில்லை. பெட்டி தெருவைத் தாண்டுவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்டோபர் 14. ஞாயிறு.

ஆரோக்கியம் பூசைக்கு வரவில்லை.

அக்டோபர் 19. வெள்ளி.

நான்கு நாளாக அடைமழை. விறகு வண்டி வரவில்லை. இருக்கிற விறகும் ஈரம். தேக்சாக்களில் தண்ணீர் கொதிக்காமல் பச்சையாகக் கிடக்கிறது. சேரியில் ஏழு பேர் படுக்கையில்.

காலை ஒன்பது மணிக்குச் சாமிக்கண்ணுவிடம் கோடாரியை வாங்கிக்கொண்டு பின்கொட்டகைக்குப் போனேன். சின்னத் தூம்பாவுக்குப் பூட்டு கிடையாது. நல்ல பூவரசு மரம், எலும்பாகக் காய்ந்திருந்தது.

யோசித்துச் செய்தேன் என்று எழுத ஆசை. இல்லை. கோபம். அந்த ஒரு வார்த்தை மேல், அதை எழுதிவிட்டுப் பெருமைப்பட்டவன் மேல்.

சாமிக்கண்ணு கையைப் பிசைந்தார். "சாமி, இது பாவம் இல்லியா?"

"அடுப்பு பிடிச்சுதா பாருங்க" என்றேன்.

பிடித்துக்கொண்டது. மூன்று தேக்சாவும் கொதித்தன.

அக்டோபர் 20.

கோவில் சொத்தை எரித்ததற்குப் பெரிய சாமியார் எழுத்தில் விளக்கம் கேட்டார். கொடுத்தேன்: "விறகுத் தட்டுப்பாட்டினால், செப்டம்பர் தீர்மானப்படி, வசதிப்பட்டது." இரண்டு முறை படித்தார். கோப்பில் வைத்தார்.

அக்டோபர் 27. சனி.

காலையில் சேரியில் ரோசா என்ற ஆறு வயதுக் குழந்தை போய்விட்டது. இருப்பது ஒரே தூம்பா. பெரிய சாமியாரே அமலநாதன் முசே வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கி வந்தார். அங்கே என்ன பேசினார் என்று கேட்டேன். "ரொம்ப கொஞ்சம்" என்றார். அவ்வளவு பெரிய பெட்டியில் குழந்தை எங்கேயோ ஓரமாகக் கிடந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு அமலநாதன் முசேயே வந்து நின்றார். அவருடைய அக்காள் இறந்துவிட்டார். காலரா அல்ல, வயது. புதுத் தூம்பா செய்ய ஆசாரி பத்து நாள் கேட்கிறார்.

"காலையில போச்சா சாமி?"

"போச்சு."

"கழுவினீங்களா?"

"கழுவினோம். காலரா."

"காலராவுக்குத்தான் நானும் கேட்டேன்" என்றார்.

வெல்வெட்டு இன்னும் ஈரமாக இருந்தது. தூக்கிக்கொண்டு போனார்கள்.

நவம்பர் 2. வெள்ளி.

கல்லறைத் திருநாள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து போய்க் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தோம். குப்பத்தில் பத்து நாளாகவும், சேரியில் ரோசாவுக்குப் பிறகும் சாவு இல்லை.

கல்லறையைச் சாதிக்காரர், சேரிக்காரர் என்று பிரிக்கும் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், சேரிக் கல்லறைகளுக்கு நடுவே, மிக்கேலின் குழியருகில் ஆரோக்கியம் மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னத் தூம்பா இப்போது இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே ஏதோ பரிசு கொண்டுவந்தவன் மாதிரி என் குரல் இருந்தது. வெட்கமாகப் போயிற்று.

"தெரியும் சாமி. அந்தத் தண்ணிய நானுந்தான் குடிச்சேன்" என்றாள். திரியைச் சரிசெய்தாள். "எட்டு நாளு முன்னாடி எரிச்சிருக்கலாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னித்துக்கொள் என்றேன். தலையை ஆட்டினாள், எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை.

எட்டாம் தேதி கூட்டம். தேவதாஸ் இந்தக் கல்லறை நடுச்சுவரைப் பற்றிப் பேசப் போகிறார், வாசகம் தயார் செய்யச் சொன்னார். எழுதிவிட்டேன். "சுவர் இடிக்கப்படும்." மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்களா தெரியாது. அடியில் என் கையெழுத்தை இன்றே போட்டுவிட்டேன்.