ஆண் பூ இல்லாத பாகல் பந்தல்

மாசி 8, வெள்ளி

காலையில் நல்ல பனி. பாகல் இரண்டாம் இலை விட்டாச்சு. இன்று எத்திபான் தெளிப்பு. சிதம்பரத்தில் விவசாயப் பயிற்சியில் சொன்னது: இளங்கொடியில் அடித்தால் பெண் பூ கூடும், காயும் கூடும். ஆண் பூவா, பெண் பூவா என்று கொடி எப்படி முடிவு செய்கிறது? அதைத் துளி மருந்து மாற்றுகிறதாமே. நாள் முழுக்க இதே யோசனை. மாவு அரைக்க மறந்தேன்.

அளவு சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் தெளித்தார்.

பங்குனி 5, வியாழன்

வெயில். பந்தல் முழுக்கப் பெண் பூ. ஒவ்வொன்றின் அடியிலும் குட்டிக் காய். தலைகால் புரியவில்லை எனக்கு. அப்புறம்தான் ஆண் பூவைத் தேடினேன். ஏணி வைத்து மேலேயும். ஒன்றுகூட இல்லை.

கேட்டால், டேங்குக்கு ஒரு மூடி கொசுறு விட்டாராம். எந்த மருந்தானாலும் அவருக்கு அது வழக்கம். "ஜாஸ்தி ஊத்துனா ஜாஸ்தி காய்க்கும்னு நெனச்சேன்." கோபம். சிரிப்பும்.

பங்குனி 6, வெள்ளி

மேகமூட்டம். குட்டிக் காயெல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. ஆண் பூவின் மகரந்தம் படாமல் காய் நிற்காது. இந்தக் கோடைக்கு வேறு வெள்ளாமை இல்லை. பயமாக இருக்கிறது.

மருந்து அடிக்காத பாகல் காடாம்புலியூரில் என் அண்ணனிடம் உண்டு. ஆனால் மகள் சடங்கில், தாய்மாமன் மாலை வருவதற்குள் இவர் போட்டோ எடுக்கச் சொன்னதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

போன் செய்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "எல்லாத்தையும் பொண்ணா வளத்துட்டு மாப்ள தேடுறீங்களா? உன் புருசன வந்து கேக்கச் சொல்லு."

இவரிடம் சொன்னேன். காய் கொட்டினால் கொட்டட்டும் என்கிறார். வீம்பு.

பங்குனி 7, சனி

விடிந்தபோது இவரும் இல்லை, வண்டியும் இல்லை. டீக்கடை என்று நினைத்தேன். ஈரத்துணியில் ஆண் பூவோடு வந்து நிற்கிறார்! இவர் வரப்பில் நின்றாராம், அண்ணன் பறித்துப் போட்டானாம். ஒரு வார்த்தை இல்லையாம்.

இதழைக் கிள்ளிவிட்டு, ஆண் பூவைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். விரலெல்லாம் மஞ்சள் தூள். விட மனசில்லை. சோறு குழைந்துவிட்டது.

பங்குனி 10, செவ்வாய்

தூறல். சனிக்கிழமை தடவியதில் முக்கால்வாசி நிற்கிறது. பச்சை, பருமன், முள் தெரிகிறது. தினமும் புதுப் பூ விரிவதால் தினமும் ஊமைப் பயணம் போய்வருகிறார்.

பங்குனி 11, புதன்

இவர் கிளம்புவதற்குள் வாசலில் அண்ணன் வண்டி. பையில் ஆண் பூ. "மழைல பூ கெட்டுடும்னு நானே எடுத்தாந்தேன்" என்றான், என்னிடம். பந்தலைப் பார்க்கிற ஆசை முகத்தில் அப்பட்டம். இவர் கொடிக்கு நடுவில், முதுகைக் காட்டியபடி.

அப்புறம் இவர், திரும்பாமல்: "மச்சான், அந்த ஓரத்துல இன்னும் தடவல."

அண்ணன் குனிந்து உள்ளே போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் டீ போட வேண்டும்.