ஜாக்கி வாசல் தாண்டும்வரை

என்னங்க,

மீன்குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் சூடுபண்ணிச் சாப்பிடுங்கள். என் மேலுள்ள கோபத்தைச் சோற்றில் காட்ட வேண்டாம். நான் கிளமெண்டி புது வீட்டைக் கழுவிவிட முதல் பஸ்ஸிலேயே போகிறேன்.

காலையில் எமிலி அக்கா ஜாக்கியை அழைத்துப்போக வருவார். நம் மாதா கோயில் பாட்டுக்குழுவில் இருக்கிறாரே, சிராங்கூன் கார்டனில் தோட்டத்தோடு தரைவீடு, அவர்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் ஒரு காப்பி கலந்து கொடுங்கள்.

"கண்ணு தெரியாத நாயை யாரு லா எடுத்துக்குவா? உனக்குக் கிளமெண்டி பிளாட்தான் பெருசு" என்று கத்தினீர்களே. அரசாங்க பிளாட்டில் இவ்வளவு பெரிய நாயை விடமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தபோது, ஜாக்கி கட்டிலைச் சுற்றி, நாற்காலியை விட்டு ஒதுங்கி, எதிலும் இடிக்காமல் நேராக அவர் காலடியில் போய் நின்றான். அக்கா அசந்துபோய்விட்டார். "எது எது எங்க இருக்குன்னு சொல்லு செசிலி, என் வீட்லயும் அப்படியே போட்டுடறேன்" என்றார். ஒரு நாய்க்காகத் தன் வீட்டையே மாற்றிப் போடுகிற மனுஷி! இதற்கு மேல் நான் யாரைத் தேடுவது?

செசிலி

பி.கு.: அவன் கிளம்பும்போது தண்ணீர்த் தட்டையும் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். புதுத் தட்டில் குடிக்கமாட்டான்.

லாரி அவன் போன பிறகுதான் வரும். மற்றதெல்லாம் கட்டிவிட்டேன். கட்டில், நாற்காலி, தண்ணீர்த் தட்டு மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. நீங்களும் நகர்த்தாதீர்கள். வாசல் தாண்டும்வரை இது அவன் வீடு.