நைனாவுக்கு ஒரு முகம்

உப்புக்காற்றும் படம் கழுவுகிற மருந்தும் சேர்ந்து மணக்கிற என் நைனாவுக்கு,

அங்கே வெளிச்சம் எப்படி இருக்கிறது? கேட்டால் சிரிப்பாய். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் நீ முதலில் பார்ப்பது அதைத்தானே. திருவொற்றியூரில் இன்று காலையிலிருந்து மேகமூட்டம், முகத்தில் நிழல் விழாத, உனக்குப் பிடித்த வெளிச்சம். கேமராவைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆமாம், அது இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போனதிலிருந்து குப்பங்கள்தான் கனவில் வருகின்றன. எண்ணூர் முகத்துவாரத்தைப் படகில் தாண்டி, மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நீ முன்னால் போகிறாய். முக்காலியைத் தோளில் சாத்திக்கொண்டு நான் பின்னால் வருகிறேன். கேமராவின் கறுப்புத் துணிக்குள் என் தலையையும் இழுத்துவிட்டுக் காட்டுவாயே, பின்கண்ணாடியில் உலகமே கவிழ்ந்து கிடக்கும். கடல் மேலே, வானம் கீழே, வலை உலர்த்தும் பெண்கள் கூரையில் நடப்பார்கள். கனவும் அப்படித்தான் வருகிறது நைனா. அதில் உன் முதுகு தெரிகிறது, முகம் மட்டும் தெரிவதில்லை.

அந்த ஊர்களில் நீ பிழைத்த பிழைப்பை ஸ்டுடியோக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். காதுகுத்து, பெண் பார்க்கும் படம் என்று பெண்களும் பிள்ளைகளும் ஆசையாக வந்து நிற்பார்கள். கடலுக்குப் போகும் ஆண்கள் மட்டும் உன் முக்காலியைக் கண்டாலே கட்டுமரத்துக்குப் பின்னால் பதுங்குவார்கள். "பொட்டிக்குள்ள மொகம் பூந்துச்சுன்னா ஆய்சு கொறைஞ்சிடும், வுட்ரு நைனா" என்பார்கள். நீயும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாய்.

பிறகு அவர்களில் ஒருவன் கரை திரும்ப மாட்டான். அவன் பெண்டாட்டி நம் வாசலில் வந்து நிற்பாள், ஒரு முகம் வேண்டும் என்று.

அஞ்சலை அக்காவுக்கு நீ எடுத்துக் கொடுத்தது நினைவிருக்கிறதா? காணாமல் போன அவள் புருஷனின் சட்டையை அவன் தம்பிக்கு மாட்டி, வகிடை மாற்றி, ஸ்டூலில் உட்கார வைத்தாய். அவள் பக்கத்தில் நின்று, "புருவம் இன்னும் கொஞ்சம் தூக்கினாப்ல இருக்கும், அண்ணாத்த" என்று அழாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். இது பொய்யில்லையா என்று திரும்பும்போது படகில் கேட்டேன். "வெளக்கேத்தி வெச்சுப் பாக்க அதுக்கு ஒரு மொகம் வோணும்மா. அவ்ளோதான்" என்றாய். எனக்கு அன்றைக்கு அது போதவில்லை.

ஊருக்கெல்லாம் முகம் கொடுத்த மனுஷன் தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டாயா? இருந்த ஒரே கல்யாணப் படத்தையும் புயலன்று வீட்டுக்குள் புகுந்த கடல் கொண்டுபோயிற்று. இன்னொன்று எடுத்துக்கொள் என்றால், படம் பிடிக்கிற பிளேட்டு வயிற்றுப் பிழைப்புக்கு, அழகுக்கு இல்லை என்பாய். உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

உன்னை அடக்கம் செய்த வாரமே துறைமுகத்து மாமா வந்தார். "பொட்டப் புள்ள பொட்டியத் தூக்கினு குப்பம் குப்பமா சுத்துவாளா? அவ எட்த்தா எவன் வந்து நிப்பான்? முப்பதாம் நாள் பூசை முடியட்டும். ராயபுரத்து ஸ்டுடியோக்காரரு வந்து கேமராவ எட்த்துனு போவாரு. இவளத் தீப்பெட்டி கம்பெனில சேத்துடலாம்" என்றார். அம்மா மறுக்கவில்லை. அவளுக்கும் பயம். பூசைக்கு மாலை போட உன் படம் வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

உனக்காக ஸ்டூலில் உட்கார இருப்பது நான் ஒருத்தி. உன் மூக்கும் உன் தாடையும் வாய்த்தவளும் நான்தான். எத்தனை பேர் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்திருக்கிறார்கள்!

உன் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். வெயிலுக்கு நீ கட்டும் துண்டைத் தலையில் சுற்றி முடியை மறைத்தேன். கண்மையால் மீசை வரைந்தேன். கொல்லைப்புறச் சுவரில் வேட்டியைத் தொங்கவிட்டு, ஸ்டூலுக்குக் கேமராவைச் சரிபண்ணிவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டேன். லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்ட எனக்கு ஒரு கை வேண்டியிருந்தது. ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டு, படச்சட்டத்துக்குள் சரியாக இருக்கிறேனா என்று முதலில் துணிக்குள் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளாவது அந்தத் துணிக்குள் தலைவிட்டிருப்பாளா? போனவள் வெளியே வரவேயில்லை. காற்றில் துணி அசைந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"தலகீழா குந்தினு கீறாருடி."

வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து பிளேட்டைச் செருகிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்ததும் மூடியில் கை வைத்தாள். உன்னை எப்படிக் கூப்பிடுவாளோ, அதே குரலில் சொன்னாள்: "இந்தாய்யா, மோவாயக் கொஞ்சம் எறக்கு."

நான் இறக்கினேன், நைனா. அவள் மூடியைச் சரியாகத்தான் கழற்றி மாட்டினாள், அசைந்துவிட்டது நான்தான். அதனால் படத்தில் உன் கண் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. நீ பார்த்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுத்திருப்பாய். நெகட்டிவில் பென்சிலால் உன் மீசைக்கு நரை வைத்தேன். அவ்வளவு நரையில்லை என்று அம்மா சண்டை போட்டாள்.

பூசைக்குக் குப்பத்துச் சனங்கள் நிறையப் பேர் வந்தார்கள். அஞ்சலை அக்கா மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றாள். "அண்ணாத்த எப்போ படம் புட்ச்சுக்கினாரு?"

"அவரு எங்க புட்ச்சாரு? இவதான் குந்தினா, இவதான் கழுவினா" என்றாள் அம்மா, மாமாவைப் பார்த்துக்கொண்டே.

அக்கா படத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "எம் புள்ள கடலுக்குப் போக ஆரம்பிக்கிறான். அவனுக்கு எவன் மொகமும் வாணாம். அவன் மொகத்தயே எட்த்துக் குடு, வா."

மறுநாள் ஸ்டுடியோக்காரர் வந்தபோது அம்மா வாசலிலேயே அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். கேமராவை வெளியே எடுக்கவேயில்லை. மாமா இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறார்.

போன வாரம் முகத்துவாரம் தாண்டிப் போனேன். அனல் மின்நிலையத்துப் புகை கடல்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தப் பிள்ளை தன் சொந்தச் சட்டையில், ஆயுசைப் பற்றிக் கேலி பேசிய தோஸ்துகளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கண்ணாடியில் அவன் தலைகீழாகச் சிரித்தான். அவன் பக்கத்தில் நீயும் நிற்பதுபோல் இருந்தது. இந்தத் தடவை முகம் தெரிந்தது.

சைக்கிள் தள்ளக் காலில் தெம்பு இருக்கிறவரை போவேன், நைனா. கடலுக்குப் போகிற ஒவ்வொருவனையும் அவன் இருக்கும்போதே, அவன் சட்டையிலேயே எடுப்பேன். கெஞ்சியாவது உட்கார வைப்பேன். செத்தவனுக்காக இருக்கிறவர் உட்காருவது உனக்கு நான் உட்கார்ந்ததோடு முடியட்டும்.

உன் சட்டையை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கும்,
உன் முகத்துக்காரி, உன் மகள்
ஸ்டெல்லா