பதினோரு படங்களும் ஒரு பெட்டியும்

இன்று காலை வேஷப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை, முகப்பூச்சு வாசனை, அதைத் துடைக்கிற தேங்காய் எண்ணெய் வாசனை, எல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறியது. நேற்றுத்தான் நாடகம் முடிந்தது. ராஜா உடுப்பும் மந்திரி உடுப்பும் வேர்வை ஈரத்தோடு சுருட்டிக் கிடந்தன. ஆம்பளைகள் கழற்றி அப்படியே திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "ஈரத்தோட வச்சா ஜரிகை கறுத்துடும்டி, இந்த ஜென்மங்களுக்கு எத்தினி தரம் சொல்றது" என்று நீ கத்துவாயே, அந்தச் சத்தம் மட்டும்தான் குறைச்சல்.

எல்லாவற்றையும் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ரவிக்கை அளவு குறிக்கிற நோட்டு இது. முன்பக்கமெல்லாம் ஊரார் இடுப்பளவும் கையளவும். பின்பக்கம் உனக்கு. நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். என் எழுத்தைப் பார்த்து, கோழி கிளறின குப்பை என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் நேற்று நடந்ததை வேறு யாரும் உனக்குச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். அவரவர் தனக்குத் தோதாகச் சொல்லுவார்கள். நான் நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் அந்த நாற்காலி ஞாபகம் வருகிறது. சுனாமி வந்த வருஷம், அதற்கு முந்தின ஆடி மாதம். கடலூர் முதுநகரில் நம் தெருக்கோடியில் இருக்கிற நாடக மன்றத்துக்கு நான் உடுப்பு தைத்துக் கொடுப்பவள். மூட்டை கனம் என்று உன்னைத் துணைக்குக் கூப்பிட்டேன். உள்ளே ஒத்திகை. அப்போதெல்லாம் பெண் வேஷத்துக்குப் பாண்டிச்சேரியிலிருந்து நடிகை வருவார். நாடகத்தன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, வசனம் பேசிவிட்டுப் போவார். ஒத்திகைக்கு வர மாட்டார். அதனால் ராணி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டிருப்பார்கள். ராஜா வேஷம் நம் மன்றத் தலைவருக்கு. அரிசிக்கடை வைத்திருக்கிற பெரிய மனுஷர், நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டு, "தேவி, என்னை மன்னிக்க மாட்டாயா?" என்று கண்ணைத் துடைத்தார்.

நீ ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "மாட்டேன்! எழுந்து போய்யா!" என்றாய்.

ஆர்மோனியக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரும்மா அது?"

"நாந்தாங்க, நாற்காலி."

எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆர்மோனியக்காரர்தான், "தலைவரே, இந்தத் தொண்டைக்கு மைக்கே வேணாம் போலிருக்கே. கூப்புடுங்க உள்ள" என்றார். சிப்காட்டில் பேக்கிங் பிரிவில் எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை உன்னுடையது. உள்ளே போனாய். நாற்காலியைக் காலால் ஓரமாய்த் தள்ளினாய். அந்த இடத்தில் நின்றாய். எட்டு வருஷம் நின்றாய்.

தெருவில் பேசாத பேச்சா? "ந‌டிகை போறா பாரு" என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். நீ நின்று திரும்பிப் பார்த்து, "டிக்கெட் வாங்கினியா? அப்புறம் என்னா ஓசியில பாக்கற?" என்று கேட்டாய். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான். உன் வீட்டுக்காரரிடம் யாரோ போய், ஏன் விடுகிறாய் என்று கேட்டார்களாம். "நான் என்னாத்த உடறது, அவளே போறா" என்று அவர் சொன்னதை நீயே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எனக்குத்தான் பயம். கூடவே போய்வந்தால் என்னையும் பேசுவார்களே என்று உள்ளுக்குள் நடுங்கினேன். உனக்கு அது தெரிந்திருந்தது. "தைக்கறவளுக்கு என்னாடி பயம், ஊசிதான் உன் கையில இருக்கே" என்பாய்.

பிறகு சிதம்பரம். மாவட்டத்து மன்றங்களுக்கெல்லாம் போட்டி வைத்தார்கள். கீழவீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிக் கயிறு கட்டி, வழியெல்லாம் நீ ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கயிறு இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாய். கண்டக்டர், "எம்மா, பெட்டியில பொணமா இருக்கு, இந்தப் பார்வை பாக்கற?" என்றார். "ராஜா இருக்காருப்பா, உயிரோடதான்" என்றாய்.

நாடகம் முடிந்து நடித்தவர்கள் பேரை மைக்கில் படித்தார்கள். ஒவ்வொருவர் பேரோடும் கடலூர் முதுநகர், கடலூர் முதுநகர் என்று வந்தது. உன் முறை வந்ததும் உன் பேருக்குப் பின்னால் "பாண்டிச்சேரி" என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, தலைவர் எழுதிக்கொடுத்த சீட்டிலேயே அப்படித்தான் இருந்தது. நம் ஊர்ப் பொம்பளை மேடை ஏறினாள் என்று நாலு ஊர் மன்றத்துக்கு முன்னால் சொல்ல அவருக்குக் கூச்சம். வெளியூர் நடிகை என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

நீ ராணி வேஷத்தைக் கலைக்காமல் நேரே மைக்குக்குப் போனாய். "ஊரைத் தப்பாப் படிச்சிட்டாங்க. நான் பாண்டிச்சேரி இல்லீங்க. கடலூர் முதுநகர். சிப்காட்ல பேக்கிங் வேலை. ரெண்டு புள்ளைங்களுக்குத் தாய்." அவ்வளவுதான் சொன்னாய். அப்புறம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் கை தட்டினார்கள். சிதம்பரத்தில் எனக்கு யாரையும் தெரியாது. அந்தப் பொம்பளைகளை மட்டும் இன்னும் என் சொந்தக்காரர்கள் போல நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் தலைவர் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, என்னை மன்றத்துல உறுப்பினராச் சேத்துடுங்க. அப்பத்தான் ஊர் பேரு தப்பா வராது" என்றாய். அவர் வெளியே பார்த்துக்கொண்டு, "பாக்கலாம்மா" என்றார்.

அந்தப் பாக்கலாமை நாம் எத்தனை தரம் கேட்டிருப்போம். வருஷாவருஷம் பொதுக்கூட்டம் நடக்கும். உறுப்பினர்கள் உள்ளே பாயில் உட்காருவார்கள். நீயும் நானும், உன்னைப் பார்த்து நடிக்க வந்த உன் கம்பெனித் தோழியும் வாசல்படியில். கடைசியில் வேறு ஏதும் உண்டா என்று கேட்பார்கள். நீ கையைத் தூக்குவாய். "பாக்கலாம்மா." அடுத்த வருஷமும் தூக்குவாய். உனக்கு வெட்கமே கிடையாதா என்று நான் ஒரு தரம் கேட்டேன். "வெக்கப்பட வேண்டியது கேக்கறவளாடி?" என்றாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இல்லை. நீ இல்லை.

தானே புயல் அடித்துவிட்டுப் போன அன்று காலையில் தெருவே தெரியவில்லை. மரமெல்லாம் படுத்துக் கிடந்தது. மன்றத்துக் கூரை ஷீட் ஒன்றுகூட மிச்சமில்லை. உனக்கு அப்போதே மார்பில் கட்டி என்று சொல்லியிருந்தார்கள். இடது கையைத் தூக்க முடியாது. ஆனாலும் முதலில் அங்கே போனது நாம் இரண்டு பேரும்தான். தலைவருக்கு அவர் கடையில் நனைந்த மூட்டைகள். அவரைக் குறை சொல்லவில்லை. பெட்டியை இழுத்துவந்து என் வீட்டில் போட்டோம். நான் போதும் என்று நினைத்தேன். நீ திரும்பிப் போனாய்.

மன்றத்துச் சுவரில் செத்துப்போன உறுப்பினர்கள் படம் பதினொன்று மாட்டியிருக்கும். நாடகத்தன்று அதற்கெல்லாம் மாலை போட்டு விளக்கேற்றுவார்கள். பதினொன்றும் கீழே விழுந்து, கண்ணாடி உடைந்து, முட்டியளவு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாய் எடுத்தாய். முந்தானையால் ஒற்றினாய். "இவரு மந்திரி வேஷம் கட்டுனவரு, மீசையைப் பாரு, தண்ணியிலகூட எறங்கல" என்று அந்தக் கதியிலும் கேலி. உன் வீட்டுத் தரையில் ஒரு வாரம் அவர்களைப் படுக்கப்போட்டுக் காயவைத்தாய். கரண்டு இல்லாத அந்த ஒரு வாரமும் "பதினோரு ஆம்பளைங்களோட ஒரே ரூம்ல படுத்த ஒரே பொம்பளை நாந்தான்" என்று எல்லோரிடமும் சொன்னாய்.

சித்திரையில் நீ போய்விட்டாய். அதைப் பற்றி எழுத வரவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டது, "பெட்டியில அந்துருண்டை போட்டியா?" என்பது மட்டும். போட்டேன் என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்த உடனே போட்டேன்.

ஷீட் மாற்றி மன்றம் எழும்பியதும் பதினோரு படங்களும் புதுச் சட்டத்தில் சுவரேறின. சிதம்பரத்தில் படிக்கிற உன் மகள் உன் படம் இரண்டு கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்று கம்பெனி அடையாள அட்டைப் படம். அதைப் பார்த்தால் உனக்கே பிடிக்காது, செத்தவ மாதிரி இருக்கேன் என்பாய். மற்றது ராணி வேஷத்தில், கிரீடம் கொஞ்சம் சாய்ந்து, யாரையோ திட்ட வாயெடுக்கிற மாதிரி. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு மன்றக் கூட்டத்துக்குப் போனேன். முதல் தரமாக வாசல்படியைத் தாண்டி உள்ளே போய் நின்றேன்.

"இல்லம்மா, அதுக்கு ஒரு முறை இருக்குல்ல" என்றார் தலைவர். "உறுப்பினரா இருந்து காலமானவங்களுக்குத்தான் சுவத்துல எடம்."

"எட்டு வருஷம் ராணியா நின்னாளே, அது?"

"அது சேவைம்மா. நாங்க மறுக்கலையே."

ஆர்மோனியக்காரர், "தலைவரே, இந்தப் பதினோரு பேரையும் தண்ணியிலேருந்து தூக்குனது யாரு?" என்று கேட்டார். தலைவர் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியும்.

"பாக்கலாம்."

நான் பார்க்கவில்லை. மறுநாள் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டாவதாக நானே மாட்டினேன். அடுத்த நாள் படம் கழற்றிக் கீழே, முகம் சுவரைப் பார்க்க வைக்கப்பட்டிருந்தது. மறுபடி மாட்டினேன். மறுபடி கழற்றினார்கள். உன்னை மூலையில் நிற்கவைத்த பிள்ளை போல அப்படிப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அழவில்லை. பெட்டியை உற்றுப் பார்த்தேன்.

நம் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் மாற்றத் துணியாத வழக்கம். பெட்டியைத் திறந்துவைத்து, தலைவர் அதற்குக் கற்பூரம் காட்டி, வேஷம் கட்டுகிறவர்கள் எல்லோரும் திறந்த மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஒருவரும் முகத்தில் பூச்சு வைக்கக்கூடாது. ராஜாவுக்கும் அதே, சேவகனுக்கும் அதே.

படத்தின் சட்டத்தைக் கழற்றி எறிந்தேன். மூடியின் உள்பக்கத்தில் உன் படத்தைப் பசை தடவி ஒட்டினேன். பசையை நம்பாமல் நாலு ஓரத்திலும் பித்தளைத் தகடு வைத்து ஆணி அடித்தேன். என் தையல் பிரிந்ததாய் இதுவரை யாரும் சொன்னதில்லை. இதுவும் பிரியாது.

நேற்றுச் சாயங்காலம் மேடைக்குப் பின்னால் எல்லோரும் கூடினார்கள். வெளியே ஜனம் பாய் போட்டு உட்கார்ந்துவிட்டது. உன் பாத்திரத்தை உன் தோழி எடுத்துக்கொண்டாள். நாற்காலி திரும்பி வரவில்லை, அதையும் தெரிந்துகொள். தலைவர் கற்பூரத் தட்டோடு வந்தார். நான் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினேன்.

நீ அவரை நேருக்கு நேர் பார்த்தாய்.

"என்னாம்மா இது?" என்றார்.

"பெட்டிங்க தலைவரே. காட்டுங்க."

"இது முறையில்ல..."

"கற்பூரம் கரையுது தலைவரே" என்றார் ஆர்மோனியக்காரர், ரொம்பப் பணிவாக.

மூடியைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை. அவர் தட்டைச் சுற்றினார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். வெளிச்சம் உன் கிரீடத்தில் பட்டுப் பட்டுப் போனது. அப்புறம் கையை நீட்டி மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் மந்திரி, சேனாதிபதி, சேவகர்கள். ஒவ்வொருவராய் உன் முன்னால் குனிந்தார்கள். கடைசியாய் உன் தோழி வந்து, "போய்ட்டு வரேன்க்கா" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் பூச்சை எடுத்தாள். நேற்று அவள் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது. நான் போய் அங்கே நின்று பார்த்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தலைவர் வந்துவிட்டுப் போனார். கொடியில் காய்கிற தன் ராஜா உடுப்பைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "கூரைதான் போட்டாச்சே. பெட்டியையும் சாவியையும் மன்றத்துலயே குடுத்துட்டீன்னா நல்லாருக்கும்" என்றார்.

எனக்கு உன் தொண்டை கிடையாது. ஆனாலும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

"பாக்கலாம் தலைவரே."

ஜரிகை காய்ந்துவிட்டது. மடித்து வைக்கப் போகிறேன். புது அந்துருண்டை வாங்கி வைத்திருக்கிறேன், இந்தத் தரம் பொய்யில்லை. சாவி என் இடுப்பில் இருக்கிறது.