உன் முழங்கால் அளவுக்கு ஒரு ஜீப்

ஷிம்ஷால்,
மே மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மெஹர்நுமாவுக்கு,

யா அலி மதத். தவக்கல் ஷா எழுதுவது. ஆமாம், நானேதான். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு எழுத்து பெரிதாக விழுகிறது, அடுத்தது குறுகிப்போகிறது. கோட்டின் மேல் ஏற்றி வைத்தால் அந்தச் சொல் முடிவதற்குள் வழுக்கிக் கீழே வந்துவிடுகிறது. பேனாவை ஸ்டியரிங் மாதிரிப் பிடிக்காதீர்கள் என்று டீச்சர் ரோஸினா சொல்கிறாள். எனக்கு வேறு எதையும் பிடித்துப் பழக்கமில்லையே. அழுத்தி எழுதியதில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருக்கும். அங்கே மாட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தேன், பெரிதாக ஒன்றுமில்லை. மெதுவாகப் படி. நானும் மெதுவாகத்தான் எழுதினேன்.

இதை நீயே படிக்க வேண்டும். நஸ்ரீன் கேட்டாலும் கொடுக்காதே. நம் மகள்தான், ஆனால் நான் போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மருமகனும் பக்கத்து வீட்டு அம்மாளும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "சாப்பிட்டியா, கால் எப்படி இருக்கு" என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் நீ ஆபரேஷனுக்குக் கராச்சி கிளம்பிப்போன மறுவாரமே பெண்கள் சங்கத்து அறைக்குப் போய், நீ எழுதப் படிக்கக் கற்ற அதே வகுப்பில் உட்கார்ந்தேன். அங்கே ஆண் என்று நான் ஒருவன்தான். செருப்புகளுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். உன் தங்கை ஸாஹிரா என்னைச் சும்மா விடுவதில்லை. நான் பாடத்தைச் சத்தமாகப் படித்தால், "அத்தான், வளைவு எதுவும் வரலை, ஹார்ன் அடிக்காம படிங்க" என்கிறாள்.

இங்கே எல்லோரும் நலம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. கன்றின் நெற்றியில் வெள்ளை. பிறந்த அன்றே என்னை உதைத்துவிட்டது, தாயின் குணம். கோதுமைக்கு முதல் தண்ணீர் பாய்ச்சியாயிற்று. மாதக் கடைசியில் யாக்குகள் பாமிர் மேய்ச்சலுக்கு ஏறும்போது நம்முடையவற்றையும் ஸாஹிரா ஓட்டிப் போகிறாள். உன் உருளைக்கிழங்குப் பாத்தியை நான் தொடவில்லை. தொட்டதாக யார் சொன்னாலும் நம்பாதே.

இனி ஜீப் விஷயம். உண்மையில் கடிதமே அதற்குத்தான்.

போன வாரம் போனில், எப்போது வருகிறாய் என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றாய். உன் பின்னாலிருந்து நஸ்ரீன், "அப்பா, இங்க லிஃப்ட் இருக்கு, குழாயைத் திறந்தா சுடுதண்ணி வருது. அந்த ஓட்டை ஜீப்புல அம்மாவை எப்படி ஏத்துவீங்க? மாவு மூட்டை மாதிரி தூக்கிப் போட்டா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. புது இடுப்பு மூட்டு பழகும் வரை முழங்கால் இடுப்புக்கு மேலே வரக் கூடாது, ஜூன் கடைசியில் பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஜூன் கடைசியில் பனி உருகி நம் வழி ஓடையில் தண்ணீர் எப்படிப் புரண்டு வரும் என்று கராச்சி டாக்டருக்கு யார் சொல்வது?

ஆகவே மெஹர்நுமா, தண்ணீருக்காக ஜீப் உயரமாக வேண்டும். உனக்காக அது தாழ்வாக வேண்டும். இரண்டும் ஒரே ஜீப். இதை மண்டையில் வைத்துக்கொண்டு பல நாள் சுற்றினேன்.

ஊரில் ஆளுக்கு ஒரு யோசனை. என் தம்பி மகன் ஹசில், "பெரியப்பா, எட்டு விரல் தூக்கிடலாம். ஏழரை டயர் போட்டா நாம போறது ஆத்துக்கே தெரியாது" என்றான். லாகூரிலிருந்து வருகிற பயணிகளின் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அந்த ஆசை. கிழட்டு டிரைவர் குர்பான் இருக்கிறானே, என்னை வம்புக்கு இழுக்காவிட்டால் அவனுக்கு டீ இறங்காது. "ஒட்டகம் வாங்கு தவக்கல். ஆத்தையும் தாண்டும், பொம்பளை ஏறணும்னா தானா உட்காரும்" என்றான். இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

நான் ஹசில் பேச்சைக் கேட்டேன். அலியாபாத்தில் மெக்கானிக் உஸ்தாத்தின் பட்டறைக்கு ஓட்டிப் போய், நாலு சக்கரத்திலும் ஸ்பிரிங் பட்டைகளுக்கு அடியில் கூடுதல் பட்டை அடுக்கி, பட்டை தொங்கும் ஷாக்கிளையும் நீளமாக மாற்றச் சொன்னேன். டயர், அவருடைய பழைய டயர் கடையிலேயே பார்த்தோம். இந்த இடத்தை நிதானமாகப் படி. உஸ்தாத் நாலு டயரை உருட்டி வந்து போட்டார். இதுவரை டயரை நான் கண்ணால் பார்ப்பேன், காலால் உதைப்பேன், அவ்வளவுதான். அன்று குனிந்து உட்கார்ந்து, ரப்பரில் புடைத்திருக்கும் எழுத்தை விரலால் தடவிப் படித்தேன். ஏழு, புள்ளி, ஐம்பது, ஒரு கோடு, பதினாறு. அடுத்ததும் அதே. அதற்கு அடுத்ததும் அதே. நாலாவதில் ஏழுக்குப் பிறகு இரண்டு சுழி. இது ஏழரை இல்லை, வெறும் ஏழு என்றேன். "பாபா, கண்ணாடியைத் துடைச்சுப் போடுங்க" என்றார் உஸ்தாத். பிறகு அவரும் குனிந்து பார்த்தார். அந்த மூன்றும் தேய்ந்தவை, இது புதிது, அதனால் உயரம் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. "தெரியாம கலந்துடுச்சு பாபா. எழுத்துக் கூட்டிப் படிச்சு டயர் வாங்கற டிரைவரை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்று சிரித்து, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நம் உப்பு டீ இல்லை, சர்க்கரை டீ. இருந்தாலும் குடித்தேன். வகுப்புக்கு வெளியே, உலகத்தில் நான் படித்த முதல் எழுத்து அதுதான்.

புதுப் பட்டை நோகக் கூடாது என்று அங்கிருந்து ஒரு மாவு மூட்டைகூட ஏற்றாமல் வந்தேன். வழியெல்லாம் கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், ஜீப் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்க ஆசைப்பட்டது. நீளமான ஷாக்கிள் செய்யும் வேலை. ஆனால் உயரம்! என் தலை பாறையோடு உரசுமோ என்று இருந்தது. ஊரே வாசலுக்கு வந்தது. எல்லோரும் பார்த்தார்கள், பிறகு, "மாவு எங்க?" என்று கேட்டார்கள்.

மறுநாள் ஸாஹிராவை ஜீப் அருகில் நிறுத்தினேன். அவள் உன் உயரம். வயலில் பின்னாலிருந்து பார்த்து உன் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது நீதான் உன் அக்கா, வலது முழங்கால் இடுப்புக்கு மேலே வரக் கூடாது, ஏறு என்றேன். அவள் உன்னை மாதிரியே "யா மௌலா" என்று முனகிக்கொண்டு ஆரம்பித்தாள். வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஸ்டூல் வைத்தார்கள், ஸ்டூல் ஆடியது. மூட்டை வைத்தார்கள், கால் அமுங்கியது. ஹசில் குனிந்து முதுகைக் காட்டினான். "உன் முதுகுல ஏறினா அக்காவுக்கு இன்னொரு ஆபரேஷன்தான்டா, போ அந்தப் பக்கம்" என்றாள். கடைசியில் வயிறு சீட்டிலும் கால் வெளியிலுமாகத் தொங்கிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில், இழுப்பவர்களுக்கும் கையில் பலமில்லை. ஒருவழியாக இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத்தான், இதுல ஏறறதுக்கு அக்கா கராச்சியிலயே இருந்துடலாம்" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் டயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது குல் அந்தோம் கிழவி, அவளுக்கும் இரண்டு முழங்காலும் போய்விட்டதே, அவள் கைத்தடியால் சக்கரத்தைத் தட்டிக் கேட்டாள். "ஏன்டா தவக்கல், நம்ம ஊர் ஜீப்பு என்னைக்கு காலியா ஓடியிருக்கு? காலி ஜீப்பை வச்சு உயரம் பார்க்கறியே, உன் பொண்டாட்டி மட்டும் தனியாவா வரப்போறா? அவளோட பாதி ஊருக்கு மாவும் வரும், பத்துப் பேரும் வருவாங்க."

உடனே மாவுக் கிடங்கிலிருந்து மூட்டைகளை எடுத்து ஏற்றினோம். மேலே பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். ஜீப் பெருமூச்சு விட்டுக்கொண்டு நாலு விரல் கீழே இறங்கியது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் ஏழரை டயர் மட்கார்டில் உரசி ரப்பர் நாற்றம் வந்தது. அடுக்கிய பட்டை கொடுத்த உயரத்தைப் பாரம் பாதி வாங்கிக்கொண்டுவிட்டது. டயர் கொடுத்த உயரம் மட்டும் அப்படியே இருந்தது. ஓடையில் கல்லில் இடிப்பது எது? அச்சின் நடுவே தொங்கும் உருண்டை. எத்தனை பட்டை அடுக்கினாலும் அது ஒரு விரல்கூட மேலே வராது. அதைத் தூக்குவது டயர் ஒன்றுதான். இத்தனை காலம் ஓட்டியவனுக்கு இது தெரியாதா? தெரியும். உயரத்தைப் பார்த்ததும் மறந்துபோயிற்று.

இரண்டாம் தடவை அலியாபாத் போகும்போது கையில் ஒரு குச்சி கொண்டுபோனேன். அதில் ஸாஹிராவின் முழங்கால் உயரத்தில் ஒரு வெட்டு. கூடுதல் பட்டையைப் பின்னால் மட்டும் ஒன்று விட்டுவிட்டு மற்றதை எடுக்கச் சொன்னேன். ஷாக்கிள் பழையது. டயர் நாலும் ஏழு-பதினாறு. முன்பு இருந்த ஆறு-பதினாறு டயரைவிட இது உருண்டையை ஒரு விரலுக்கு மேல் தூக்குகிறது, எங்கும் உரசவில்லை, செங்குத்தில் முதல் கியர் திணறவில்லை. உஸ்தாத், "எல்லாரும் தூக்கச் சொல்லி வர்றாங்க, நீங்க இறக்கச் சொல்றீங்களே பாபா" என்றார். இது என் வீட்டுக்காரியின் முழங்கால் என்று குச்சியைக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். குச்சியை வாங்கி ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். பிறகு முன்சீட்டைக் கழற்றி, பஞ்சு வைத்து, நீ உட்கார்ந்தால் இடுப்பு தாழாதபடி உயர்த்திக் கொடுத்தார்.

வரும் வழியில் ஓடையில் இறங்கினேன். போன கோடையின் தண்ணீர்க் கறை பெரிய பாறையில் இன்னும் இருக்கிறது. பிற்பகல் தண்ணீர் என்றால் எஞ்சின் வரை வரும். விடிகாலைத் தண்ணீர் அச்சுக்குக் கீழேதான். எட்டு விரல் தூக்குவதைவிட விடியலில் கடப்பது சுலபம். அதனால் நீ பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அன்று இரவு பஸ்ஸு கிராமத்தில் என் தங்கை வீட்டில் தங்குவோம். நீ தரையில் படுக்கக் கூடாது என்று அவள் ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாள். நம் வீட்டிலும் கட்டில் போட்டாயிற்று. கழிப்பறையிலும் பலகை வைத்து நாற்காலி உயரத்துக்கு மேடை கட்டியிருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தேன், ஆடவில்லை. இதையெல்லாம் ஸ்பீக்கர் போனில் எப்படிச் சொல்வது, நீயே சொல்.

கடைசி விஷயம், ஏறுவதற்கான படி. ஜீப்பின் இடது பக்கம், தரைக்கும் சீட்டுக்கும் நடுவில், பழைய தொங்குபாலத்து இரும்பில் ஹசில் ஒரு படி பற்றவைத்தான். ஓடையில் கல்லில் இடிக்காமல் சங்கிலியால் மேலே தூக்கி மாட்டலாம். ஒரு சாயங்காலத்து வேலை. அதற்குப் பெண்கள் ரொட்டி சுட்டு வந்தார்கள், நான் உப்பு டீ கொடுத்தேன், ஒரு ஆடும் கொடுத்தேன். அப்போது குர்பான் எழுந்து நின்று, "ஒருத்தர் பேரைச் சொல்லி ஊருக்குச் செஞ்சு வைக்கிறதுதானே நோமுஸ்? பாலத்துக்கு வச்சிருக்கோம், மேய்ச்சல் குடிலுக்கு வச்சிருக்கோம். பொருள் ஒருத்தன் கொடுத்தான், உழைப்பு ஊர் கொடுத்தது, அப்ப இதுவும் நோமுஸ்தான். இது மெஹர்நுமா பேர்ல இருக்கட்டும்" என்றான். அவன்தான் சொன்னான், ஒட்டகம் வாங்கச் சொன்ன குர்பான். ஊர் ஒத்துக்கொண்டது.

அதில் ஒரு சங்கடம். உன் பெயரில் இருக்கிற படியில் முதல் கால் உன்னுடையதாக இருக்க வேண்டுமாம். ஸாஹிரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஒருவரும் அதில் கால் வைப்பதில்லை. பின்பக்கம் வழியாகத் தொற்றி ஏறுகிறார்கள், என்னைத் திட்டிக்கொண்டே. குல் அந்தோம் கிழவி தினமும் கைத்தடியோடு வந்து படியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்ப வர்றாளாம்?" என்று கேட்கிறாள். அலியாபாத் ஆஸ்பத்திரிக்கு அவளும் போக வேண்டும். நான் அவளுக்கு "பார்க்கலாம்" என்றுதான் சொல்கிறேன். நீ சொன்னதைத்தானே நான் சொல்ல முடியும்.

நஸ்ரீனுக்கும் மருமகனுக்கும் என் அன்பு. அவர்கள் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் எனக்கு நிறைவுதான். அங்கே உனக்குச் சௌகரியமாக இருக்கிறது என்றும் தெரியும். நான் எதுவும் சொல்லவில்லை. குச்சியை மட்டும் இந்தக் கடிதத்தோடு, கராச்சிக்கு வருகிற ரோஸினாவின் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் முழங்காலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார். வெட்டு சரியாக இருக்கிறதா, ஒரு விரல் கூடுதலா குறைவா என்று உன் கையால் ஒரு வரி எழுது. படியைக் கழற்றி மாற்றுவது ஒரு காலை வேலைதான்.

உன் கால் உறுதியாகட்டும். மௌலா உனக்கு வலி இல்லாத உறக்கம் தரட்டும். விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன். அடுத்த வாரம் கன்றைப் பற்றி எழுதுகிறேன், கிழிந்த இடத்தில் போனதையும் சேர்த்து.

இப்படிக்கு,
உன் டிரைவர்,
தவக்கல் ஷா