உன் இரத்தம் சொன்னதை நாங்கள் நம்பவில்லை

காலையில் விலாவில் கலமைன் பூசும்போது அந்தச் சுண்ணாம்பு மணம் மூக்கில் ஏறியது. அதோடு நீயும் ஞாபகத்தில் வந்துவிட்டாய். "சுவருக்குப் பூசிற மாதிரி மனிசருக்கும் பூசிறாங்களடி" என்று புறுபுறுத்துக்கொண்டே என் மகளின் முதுகு முழுக்க இதே மருந்தைப் பூசிவிட்டவள் நீ. மூன்று வருஷமாகிவிட்டது.

எனக்கு வந்திருப்பது அக்கி. இடப்பக்கம் விலாவிலிருந்து முதுகுவரை வரிசையாகக் கொப்புளம். நெருப்புக் கம்பியால் கோடு போட்டதுபோல் எரிகிறது. நேற்று டொக்டரிடம் போனேன்.

"சின்ன வயசில வந்த அம்மாள் வருத்தத்தின்ர, அந்தச் சின்னம்மையின்ர கிருமிதான் இது. போறதில்லை. நரம்புக்குள்ள படுத்திருந்து இப்ப எழும்பியிருக்கு" என்றார்.

"நல்ல நித்திரைதான் டொக்டர். நாற்பது வருஷத்துக்கு மேல" என்றேன்.

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, அம்மாள் வராத ஆட்கள் இந்தக் கொப்புளத்தைத் தொட்டால் அவர்களுக்கு அம்மாள் வரும் என்றார். பிறகு, "வயித்தில பிள்ளையோட ஆரும் கிட்ட வந்தவையோ?" என்று கேட்டார்.

என் சிரிப்பு அதோடு நின்றது. முந்தாநாள் உன் மகள் தர்சினி வந்திருந்தாள். கட்டாரிலிருந்து புருஷனோடு திரும்பி வந்து இப்போது தெஹிவளையில் இருக்கிறாள். வயிற்றில் ஐந்து மாசப் பிள்ளை. என் கையால் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, "என்ன அன்ரி, வேர்க்குருவோ?" என்று இந்தக் கொப்புளங்களின் மேல் தன் கையாலேயே பவுடர் போட்டுவிட்டுப் போனாள்.

அவளுக்கு முந்தி வந்திருந்தால் பயமில்லை என்றார் டொக்டர். வராவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இல்லையென்று வந்தால் அதைத் தடுக்க ஒரு ஊசி இருக்கிறது, அதற்கும் நாள் கடக்கக் கூடாது.

வெளியில் வந்ததும் போன் பண்ணி, இரத்தம் எடுத்துப் பார் என்றேன். தர்சினி சிரித்தாள்.

"எனக்குச் சின்னனிலயே வந்திட்டுது அன்ரி. அம்மா சொன்னவா."

காலி வீதி ஓரத்தில் போனைப் பிடித்தபடி நின்றேன். இதே வசனத்தை உன் வாயால் எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

புடவைக் கடையில் நாங்கள் சேலை மடித்த காலத்திலிருந்தே உனக்கு அம்மாள் வந்த கதை எனக்குப் பாடம். கொட்டாஞ்சேனை வீடு, வெள்ளைச் சீலை விரித்த பாய், தலைமாட்டில் வேப்பிலை. குணமாகித் தண்ணீர் வார்த்த அன்று அம்மா குடத்தோடு நின்ற விதம், மஞ்சள் தண்ணீர் முற்றத்தில் ஓடியது. கடைசியில் நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டுவாய். "அம்மாள் கையெழுத்து வைச்சிட்டுப் போயிருக்கிறா. உனக்கென்ன பயம்?" என்று நான் பகிடி பண்ணுவேன். என் வீட்டில் ஒருவருக்கும் வந்ததில்லை என்றுதான் என் அம்மா சொல்லுவா. அதனால் வேப்பிலை கட்டிய வாசலைக் கண்டாலே நான் அடுத்த ஒழுங்கையால் போய்விடுவேன்.

பிறகு உனக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்ட்டில் உதவியாளர் வேலை சரிவந்தது. சேருவதற்கு முன் இரத்தம் எடுத்தார்கள். பேப்பரைத் தூக்கிக்கொண்டு நேரே வெள்ளவத்தைக்கு என் வீட்டுக்கு வந்தாய். உன் முகம் புளித்துப் போயிருந்தது.

"எனக்கு அம்மாள் வரவேயில்லையாம். ஒரு வருத்தம் வந்து போனால் அதை எதிர்க்கிற சாமான் இரத்தத்தில மிஞ்சுமாம், என்னட்டை அது இல்லையாம். ரெண்டு ஊசி போட்டிட்டு வாங்கோ எண்டு அந்த நேர்ஸ் மிஸ் சொல்லுது."

நான் விற்கிற இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவவில்லை. பேப்பரை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "உன்ர இரத்தமும் என்னை மாதிரிப் பள்ளிக்கூடம் போகேல்லைப் போல. நெத்தியில எழுதியிருக்கிறதை அதுக்கு வாசிக்கத் தெரியேல்லை."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்த வருத்தத்துக்கு ஊசி போட்டால் அம்மாள் கோவிப்பா என்னடி?" என்றாய்.

"பின்னே? வீட்டுக்கு வந்து போன ஆளை ஆரெண்டு தெரியாது எண்டால் ஆருக்குத்தான் கோவம் வராது?"

அந்தக் கிழமை நீ ஊசிக்குப் போகவில்லை. அடுத்த கிழமையும் போகவில்லை. அதற்கடுத்த கிழமை என் மகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது.

உன்னைக் கூப்பிட்டது நான்தான். முந்தி அம்மாள் வந்தவர்கள்தானே கிட்டப் போகலாம்? அம்மாள் வந்த வீட்டு வழக்கப்படி சட்டி தாளிக்காமல், இடியப்ப ஓடரை நிறுத்திவிட்டு நான் குசினியில் நின்றேன். நீ மாற்று உடுப்போடு வந்து அறைக்குள் போனாய். ஒருநாள் பிள்ளை முனகுகிற சத்தம் கேட்டு நான் கதவடிக்கு வந்துவிட்டேன். இரண்டு கையையும் விரித்து மறித்தாய்.

"நீ உள்ளுக்கு வராதை. உனக்கு வரேல்லை. நான் ஒருக்கால் பட்டவள், எனக்கு ஒண்டும் செய்யாது."

எட்டு நாள் அவளோடு ஒரே பாயில் கிடந்தாய். அவளுக்குத் தண்ணீர் வார்த்த அன்று உனக்கு ஒரு புதுச்சட்டை வாங்கித் தந்தேன். அதைப் போட்டுக்கொண்டு நீ பஸ் ஏறினாய். உனக்குள் அது பெருகத் தொடங்கியிருக்க வேண்டும். நான் கையாட்டிக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் நாள் போன் எடுத்தாய். "முதுகு உடைஞ்ச மாதிரி நோகுதடி." கிழடாகிவிட்டாய் என்றேன். ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தில் இடமில்லாமல் போட்டிருந்தது. உன் தழும்பைத் தேடினேன், காணவில்லை. நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிட்டது என்றார்கள். நீ மூச்சை இழுக்கும் சத்தம் கட்டிலைச் சுற்றிக் கட்டியிருந்த திரைக்கு வெளியேயும் கேட்டது.

உன்னோடு நிற்பதென்றால் எனக்கும் இரத்தம் பார்க்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு அம்மாள் வந்ததேயில்லை, பார்த்து என்ன என்றேன். அடுத்த நாள் பேப்பரோடு வந்த சின்ன டொக்டர், "உங்கட இரத்தத்தில எதிர்ப்பு இருக்கு அம்மா. பழசு. நாலைஞ்சு கொப்புளத்தோட போயிருக்கும், வீட்டில கவனிச்சிருக்க மாட்டினம். நீங்கள் தாராளமாக் கிட்டப் போகலாம்" என்றார்.

நான் கிட்டப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. உனக்குக் கேட்டிருக்குமோ என்பதுகூடத் தெரியாது. மறுநாள் விடியமுன் நீ போய்விட்டாய்.

செத்த வீட்டில் உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "அம்மாள் வந்தது எனக்கு, பிள்ளை. இவளைக் கொச்சிக்கடை மாமி வீட்டை அனுப்பினவை. தண்ணி வார்த்த அண்டைக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தது, முத்தத்தில நிண்டு பார்த்தவள். நெத்தியில அது படியில விழுந்த காயம்." நீ ஆயுள் முழுக்கச் சொன்னது அக்காவின் கதை. நீ பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். உனக்கு அது அவ்வளவு வடிவாக ஞாபகமிருந்தது.

இதெல்லாம் இன்றுவரை தர்சினிக்குத் தெரியாது. அப்போது கட்டாரில் இருந்தவள், சளி நெஞ்சில் இறங்கி அம்மா செத்தா என்று மட்டும் நினைத்திருந்தாள். பேப்பர் கதையை நான் மறைத்துவிட்டேன். என் பகிடியையும்தான்.

இன்று நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன், இரும்புக் கேற்றைத் திறக்கவில்லை.

"என்ன அன்ரி, கம்பிக்குப் பின்னால மறியலிலயோ?" உன் சிரிப்பு.

"கிட்ட வராதை. படிக்கு அங்கால நில். இரத்தம் குடுத்தனியோ?"

"எனக்கு வந்தது எண்டு சொன்னனெல்லோ. இஞ்ச பாருங்கோ, முழங்கையில அடையாளம்கூட இருக்கு."

கையைத் திருப்பிக் காட்டினாள். வட்டமாக ஒரு சின்னத் தழும்பு. வேறு நாளென்றால் அந்தக் கைக்கு நான் பத்துப் பகிடி சொல்லியிருப்பேன்.

"உன்ர அம்மாவும் இப்பிடித்தான் நெத்தியைக் காட்டினவ" என்றேன். பிறகு கேற்றுக்கு உள்ளே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர், ஊசி, நான் கூப்பிட்டது, நீ மறித்தது. "நான் பகிடி பண்ணியிராட்டில் அவ ஊசிக்குப் போயிருப்பா பிள்ளை."

அவள் ஒரு கை வயிற்றில் இருந்தது. மற்றக் கையை, எனக்குப் பவுடர் போட்ட கையை, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படியிறங்கினாள். திரும்பிப் பார்க்காமலே, "இரத்தம் குடுத்திட்டுப் போன் எடுக்கிறன்" என்றாள்.

ஆறு மணிக்குப் போன் எடுத்தாள். இரத்தம் கொடுத்தாயிற்றாம். நாளை மத்தியானம் சொல்வார்களாம். என்னோடு கோவமா என்று கேட்கப் பார்த்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

நாளைக்கு அந்தப் பேப்பரில் எது இருக்கிறதோ அதை நான் நம்புவேன். ஒரு சொல்லும் பேசாமல் நம்புவேன். விலா எரிகிறது. இரண்டு மூன்று கிழமையில் போய்விடும் என்கிறார் டொக்டர். எங்கே போகும் என்று கேட்டேன். திரும்ப உள்ளேதான் போய்ப் படுக்குமாம்.